தாமிரத்தைக் கவ்வும் வளையம்

நண்டின் இரத்தம் ஆக்சிஜன் ஏற்றதும் நீலமாவது ஏன் தெரியுமா? அதிலுள்ள ஹீமோசயனின் என்னும் புரதத்தில் தாமிரம் இருக்கிறது. இரண்டு தாமிர அயனிகளை 6 ஹிஸ்டிடின்கள் பிடித்துள்ளன.

ஹிஸ்டிடின் ஓர் அமினோ அமிலம். அதன் பக்கக் கிளையிலுள்ள நைட்ரஜன் அணு, தன் எலெக்ட்ரான் இணையைத் தாமிர அயனிக்கு அளித்துப் பிணைகிறது.

அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலியே பெப்டைடு. திறந்த சங்கிலி நெளிந்துகொண்டே இருக்கும். இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கினால் நெளிவு குறையும். அதில் ஹிஸ்டிடின்களைத் தக்க இடங்களில் அமைத்தால், அவை ஒருங்கே தாமிரத்தைக் கவ்வும், பிடிப்பு வலுவாகும். கரைசலில் அமிலம் மிகுந்தாலோ, புரோட்டான் நைட்ரஜனோடு சேர்ந்துகொள்ளும், தாமிரம் நழுவிவிடும்.

வில்சன் நோயில் தாமிரம் கல்லீரலிலும் மூளையிலும் தேங்குகிறது. அதனுடன் பிணைந்து அதை வெளியேற்றும் மருந்துகள் நோயாளியைக் காக்கின்றன. இப்பிடிப்பின் நுட்பத்தை அறிவது எவ்வளவு பயனுள்ளது, பார்த்தீர்களா?