நிறம் விழாத இடம்

மூளைக் கட்டியை அகற்றப்போகும் அறுவை மருத்துவரிடம் ஒரு வண்ணப் படம் இருக்கும். சாம்பல் நிற மூளையின்மேல் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுகள். நோயாளியின் பேச்சு அங்கேதான் குடியிருக்கிறது என்று பார்த்தவுடன் தோன்றும். ஆனால் இந்தப் படத்தை எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் பேச்சைப் பார்ப்பதில்லை; ரத்தத்தைப் பார்க்கிறது.

ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின், சுற்றியுள்ள காந்தப்புலத்தைச் சற்றே குலைக்கும். அதைக்கொண்டே மூளையைப் படம்பிடிக்கலாம் என்று 1990இல் காட்டியவர் செய்ஜி ஒகாவா. நோயாளி ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி, 'ப'வில் தொடங்கும் சொற்களை மனத்துக்குள் அடுக்குகிறார். உழைக்கும் பகுதிக்குத் தேவைக்கும் அதிகமாகவே புது ரத்தம் பாய்வதால், அங்கே அந்தக் குலைவு குறைகிறது. இந்த மாற்றம் உச்சத்தைத் தொட ஐந்தாறு நொடி ஆகும். அந்த மாற்றத்துக்குத்தான் கணினி நிறம் பூசுகிறது.

கட்டியின் அருகே இந்தக் கணக்கு பொய்த்துப்போகலாம். வீரியமான கிளையோமா வகை மூளைக் கட்டிகளைச் சுற்றி ரத்தநாளங்கள் தாறுமாறாக வளர்ந்திருக்கும். தேவைக்கேற்ப விரியும் திறன் அவற்றுக்குக் குன்றியிருக்கும். பக்கத்து நரம்பணுக்கள் மும்முரமாகப் பேச்சு வேலை பார்த்தாலும் ரத்த ஓட்டம் அதிகரிக்காது. படத்தில் நிறம் விழாது. என்னைப் பொறுத்தவரை, இந்தக் கருவியின் ஆகப்பெரிய ஆபத்து இதுதான். பெரும்பாலோருக்கு மொழி இயங்கும் இடப்பக்கம் இப்படி மங்கிவிட்டால், மொழி வலப்பக்கத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டது என்றுகூடத் தவறாக எண்ண வாய்ப்புண்டு. இதைச் சோதிக்க நோயாளியைச் சிறிது நேரம் மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். ரத்தத்தில் கரியமிலவாயு ஏறினால் நாளங்கள் விரிய வேண்டும். விரியாத இடத்தில் நிறமின்மைக்குப் பொருளில்லை.

நிறம் விழுந்த இடமெல்லாம் பேச்சுக்கு இன்றியமையாதது என்பதும் இல்லை. கவனமும் நினைவும்கூட அங்கே ஒளிரும். கணினியில் வரம்பைச் சற்று மாற்றினால் அதே திட்டு பெருக்கும், சிறுக்கும்.

ஆகவேதான் நோயாளியை விழிக்கவைத்துச் செய்யும் அறுவை இன்றும் தேவைப்படுகிறது. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. மெல்லிய மின்தூண்டலை ஓரிடத்தில் வைத்து, ஒரு பொருளின் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பார்கள். அவர் திணறினால், அந்த இடத்தைத் தொடாமல் விடுவார்கள். 1989இல் ஜார்ஜ் ஓஜெமன் குழுவினர் 117 நோயாளிகளிடம் இப்படித் தேடியபோது, மொழிக்கான இடங்கள் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுபட்டன.

"ஸ்கேன்தான் எடுத்தாயிற்றே, ஏன் விழித்திருக்கச் சொல்கிறார்கள்?" என்று உங்கள் வீட்டில் யாரேனும் அஞ்சினால், அவரது பேச்சைக் காக்கத்தான் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.