கத்தியைச் சோதித்து வாங்குவோம்

கூட்டுறவுச் சங்கங்களின் கொள்முதல் ஏடுகளைப் பார்வையிடும்போது, நூல், விதை, உரம் ஆகியவற்றைப் பற்றிய குறிப்புகள் விரிவாகவும், கைக்கருவிகளைப் பற்றிய குறிப்புகள் ஒரே வரியிலும் இருப்பதைக் காண்கிறோம். வெட்டுக்கத்தி இத்தனை, விலைப்புள்ளிகளுள் குறைந்தது ஏற்கப்பட்டது என்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது. அக்கத்தியின் இரும்பு எத்தகையது, அதைச் சோதித்தவர் யார் என்பன எழுதப்படுவதில்லை. 60-ஆம் நம்பர் நூல் கேட்ட இடத்தில் 40-ஆம் நம்பர் வந்தால் நெசவாளர் எவரும் அதை ஏற்கமாட்டார். அதே கண்டிப்பு கத்தியின்பாலும் வேண்டும் என்பதே நம் கருத்து. நூல் தரம் குறைந்தால் துணி கெடும். கத்தி தரம் குறைந்தால் கையே கெடும்.

வேலையும் கத்தியும்

வயலிலும் தோப்பிலும் புழங்குவதற்கு மடக்குக் கத்தி ஏற்றதன்று. மடங்கும் இடமே அதன் பலவீனம். ஓங்கி வெட்டினால் ஆணி தளரும். அலகு விரலின்மேல் மடங்கிவிடவும் கூடும். அலகும், பிடிக்குள் செல்லும் வாலும் ஒரே இரும்பாக அமைந்த கத்தியே வெளிவேலைக்கு உரியது.

அதிலும் இரு வகை உண்டு. கிளை கழிக்கவும், மூங்கில் பிளக்கவும், தேங்காய் மட்டை வெட்டவும் முதுகு 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனமுள்ள கத்தி வேண்டும். கயிறு அறுக்கவும், வாழையிலை நறுக்கவும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனம் போதும். இரண்டு வேலைக்கும் ஒன்றே போதும் என்று வாங்கப்படும் கத்தி, பெரும்பாலும் இரண்டையும் அரைகுறையாகவே செய்யும்.

இரும்பின் இயல்பு

இரும்பைக் கடினமாக்க உதவுவது அதில் கலந்துள்ள கரி. சாதாரண மெல்லிரும்பில் அது நூற்றில் கால் பங்கு அளவே இருக்கும். அத்தகைய இரும்பை எவ்வளவு சாணை பிடித்தாலும் கூர் நிலைக்காது. லாரியின் வில் பட்டையில் நூற்றுக்குச் சுமார் அரைப் பங்கும் அதற்குச் சற்று மேலும் கரி உண்டு. நம் ஊர்க் கொல்லர்கள் அப்பட்டையை விரும்புவதன் காரணம் இதுவே.

எனினும் நல்ல இரும்பு மட்டும் நல்ல கத்தியாகிவிடாது. அதைக் காந்தம் ஒட்டாத அளவுக்கு, அதாவது சுமார் 770 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல், காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். அப்போது அது மிகக் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையும் வந்துவிடும். ஆதலால் 200 முதல் 300 டிகிரி வரையுள்ள இளஞ்சூட்டில் மறுபடியும் வாட்டி, அதற்கு வளைந்துகொடுக்கும் தன்மையை ஊட்ட வேண்டும். இவ்விரண்டாம் பதத்தை அவசரத்தில் விட்டுவிட்டால், கத்தி வேலையின் நடுவே உடைந்து துண்டு பறக்கும்.

எவர்சில்வர் கத்தி எளிதில் துருப்பிடிக்காது என்பது உண்மையே. ஆனால் மலிவான எவர்சில்வர் தகட்டுக் கத்திகள் பல மென்மையானவை. மேலும், பதம் கெட்டுப்போன எவர்சில்வரைச் சீர்செய்வது ஊர்க் கொல்லருக்கு எளிதன்று. கரியிரும்புக் கத்தியோ, துடைத்து எண்ணெய் பூசி வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

பெயரை மட்டும் நம்பி வாங்குவதும் தகாது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்பெற்ற ஊர். அப்பெயரைச் சொல்லி விற்கப்படும் அரிவாள் எல்லாம் ஒரே பதத்தில் இருக்கும் என்று கொள்வதற்கில்லை. பெயர் ஊருக்கு உரியது. பதம் அந்தந்தக் கத்திக்கு உரியது.

ஐந்து சோதனைகள்

விலையுயர்ந்த சாதனம் எதுவுமின்றி அங்கத்தினர்களே செய்யக்கூடிய சோதனைகள் இவை.

முதலாவது, வெடிப்புச் சோதனை. அலகின்மீது மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தூவுக. மேலே திறந்துள்ள வெடிப்பு இருப்பின், அதனுள் புகுந்த எண்ணெய் கசிந்து பொடியில் கோடாகத் தெரியும்.

இரண்டாவது, அரச் சோதனை. பிடிக்கு அருகில் அலகின் வாயில் அரத்தை இலேசாக இழுத்துப் பார்க்க. அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் இரும்பு மென்மையானது. சற்றும் பிடிக்காமல் வழுக்கினால் மிகக் கடினமானது. வெட்டுவேலையில் சில்லு பெயரக்கூடும். சிரமத்துடன் சற்றே பிடிப்பதுதான் வெட்டுக்கத்திக்கு ஏற்ற பதம்.

மூன்றாவது, பித்தளைச் சோதனை. இது மெல்லிய கத்திக்கு உரியது. விரல் பருமனுக்குக் குறைந்த பித்தளைக் கம்பியைக் கிடத்தி, கத்தியை ஏறக்குறையப் படுத்தாற்போல் சாய்த்துக் கூரை அதன்மேல் மெதுவாக அழுத்துக. கூர் சிறிது வளைந்து மீண்டும் நேரானால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மென்மை. சில்லு பெயர்ந்தால் கடினம் மிகுதி.

நான்காவது, வேலைச் சோதனை. உலர்ந்த மூங்கிலையோ விறகையோ ஐம்பது முறை வெட்டியபின், அதே கத்தியால் தேங்காய் நார்க் கயிற்றை அறுத்துப் பார்க்க. பிறகு கூரை வெளிச்சத்திற்கு நேராகப் பிடித்தால், மழுங்கிய இடங்கள் மின்னும். நல்ல கூர் மின்னுவதில்லை. சோதிக்கும்போது எதிரிலும் பக்கத்திலும் எவரும் நிற்கலாகாது.

ஐந்தாவது, பிடிச் சோதனை. மரப்பிடியை ஓர் இரவு நீரில் நனைத்து மறுநாள் வெயிலில் உலர்த்துக. மரம் சுருங்கிப் பூண் தளர்ந்தால் அக்கத்தி கையை விட்டு நழுவும் என்பது திண்ணம். ஈரக்கையாலும் பிடித்துப் பார்த்தல் நலம்.

சிக்கனம் எது?

கணக்குக்காக, ஒரு கத்தி 200 ரூபாயென்றும் மற்றொன்று 450 ரூபாயென்றும் கொள்வோம். முன்னது ஒரு பருவமும் பின்னது நான்கு பருவமும் உழைத்தால், முன்னதற்குப் பருவத்திற்கு 200 ரூபாயும், பின்னதற்கு 112 ரூபாய் 50 காசும் செலவாகிறது. அறுவடை நாளில் கூர் தீட்டுவதற்காக வீணாகும் நேரமும், காயம்பட்ட கையால் இழக்கும் கூலியும் இக்கணக்கில் சேரவில்லை. ஆயினும் விலை உயர்ந்ததெல்லாம் நல்லது என்பதும் பிழையே. சோதனையில் தேறிய 200 ரூபாய்க் கத்தி, தேறாத 450 ரூபாய்க் கத்தியைவிட மேலானது.

சங்கங்கள் செய்யத்தக்கது

தனி அங்கத்தினர் ஒருவர் கடைக்காரரிடம், அரத்தால் உரசிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றால் மறுப்புக் கிடைக்கலாம். ஐம்பது கத்தி வாங்கும் சங்கத்தை எவரும் மறுக்கமாட்டார். கூட்டாக வாங்குவதன் பயன் விலை குறைவது மட்டுமன்று. சோதித்து வாங்கும் உரிமையும் அதனால் கிட்டுகிறது.

ஆகையால் சங்கங்கள் விலைப்புள்ளி கோரும்போதே, இரும்பின் வகை, முதுகின் கனம், அலகின் நீளம் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். தேறாத கத்திகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்க்கப்பட வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் மாதிரி ஒன்றைப் பெற்று முதலில் சோதித்து, தேறிய வகைகளுள்ளேதான் குறைந்த விலையைப் பார்க்க வேண்டும். சரக்கு வந்தபின் ஐம்பதில் மூன்றையேனும் சீட்டுப்போட்டு எடுத்து மீண்டும் சோதிப்பது அவசியம். சோதித்தவர் பெயரும் முடிவும் ஏட்டில் எழுதப்படட்டும். கத்தியைப் பிடித்து உழைப்பவரே சோதிப்பவராக இருத்தல் சாலச் சிறந்தது.

உள்ளூர்க் கொல்லரின் பட்டறை இவற்றில் தேறுமாயின் அவருக்கே முதலிடம் தரலாம். பதம் குறைந்தால் மறுநாளே அவரிடம் கொண்டு சென்று சரிசெய்துகொள்ள முடியும். வெளியூர்ச் சரக்கில் இவ்வசதி இல்லை.

வரும் கொள்முதல் கூட்டத்தில், நிர்வாகக் குழுவினர் விலைப்புள்ளிகளைப் பிரிக்குமுன் மேசைமீது ஓர் அரமும், ஒரு பித்தளைக் கம்பியும், ஒரு முழக் கயிறும் இருக்கின்றனவா என்று அங்கத்தினர்கள் கேட்பார்களாக.