கோட்டுக்கு வெளியே ஒரு வாங்கு

யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானத்தில் நாணயம் சுண்டப் போகும்போது அணித்தலைவி முதலில் பார்ப்பது பனைகளை. சோளகம் வீசும் மாதங்களில் ஓலை எந்தப் பக்கம் சரிகிறதோ, அந்தப் பக்கம் உதைக்கிற பந்துக்குக் காற்றும் ஒரு கால் கொடுக்கும். அடுத்ததாக அவள் பார்ப்பது கோட்டுக்கு வெளியே வாங்கில், அதாவது பெஞ்சில், இருப்பவரை. அங்கிருந்து ஒரு சின்னக் கையசைவு வரும்: முதற்பாதியில் காற்றை எதிர்த்து ஆடு. கால்கள் புதிதாக இருக்கும்போதே கஷ்டத்தைக் கழித்துவிட்டால், களைத்த பிற்பாதியில் சோளகம் முதுகில் இருந்து தள்ளும். பார்வையாளர் ஒருவருக்கும் தெரியாமல் ஆட்டத்தின் முதல் முடிவு அப்படித்தான் எடுக்கப்படுகிறது.

அந்த வாங்கு எப்படி இயங்குகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

உதைபந்தாட்ட விதிப்புத்தகம் அந்த இடத்துக்கு எல்லை போட்டிருக்கிறது. இருக்கைகளின் இரு பக்கமும் 1 மீற்றர், முன்னால் பக்கக்கோட்டுக்கு 1 மீற்றர் தள்ளி வரை. அந்தப் பரப்புக்குள் நின்று ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட்ட உத்திகளைச் சொல்லலாம். நம்மூரில் இந்த விதி படும் பாடு தனிக்கதை. பயிற்றுநர், பொறுப்பாசிரியர், பழைய மாணவர், வேலியில் ஏறி நிற்கும் அண்ணாமார் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். 2019 முதல் வாங்கில் இருப்பவர்களுக்கும் மத்தியஸ்தர் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். தவறு செய்தது யார் என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் அட்டை அங்கே இருக்கும் மூத்த பயிற்றுநரின் தலையில் விழும். யார் கத்தினாலும் பொறுப்பு ஒருவருக்கு.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் அணியின் வாங்கைப் பார்த்தால் நமக்கு அது ஒரு அலுவலகம் போலத் தெரியும். தலைமைப் பயிற்றுநர், துணைப் பயிற்றுநர்கள், கோல்காப்பாளருக்குத் தனிப் பயிற்றுநர், உடல்வலுப் பயிற்றுநர், காயம் பார்ப்பவர், பயணமும் சாப்பாடும் கணக்கும் பார்க்கிற ஒருவர், விளையாடிய ஆட்டத்தை வீடியோவில் வெட்டி ஒட்டிக் காட்ட இன்னொருவர். இது வானத்தில் இருந்து விழவில்லை. அரச நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் வேறுபாடு காட்டக் கூடாது என்று 1972இல் வந்த சட்டம்தான் அதன் வேர். ஆண்கள் அணி வைத்திருந்த பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கும் அணி திரட்ட வேண்டி வந்தது. அணி வந்த பின்னால் பயிற்றுநருக்குச் சம்பளமும் வந்தது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1979இல் பெண்கள் அணியைப் பொறுப்பேற்ற அன்சன் டொரன்ஸ் 2024 வரை அந்த வேலையில் இருந்தார். 1982இல் தொடங்கிய தேசியப் பல்கலைக்கழகச் சம்பியன் பட்டத்தை 21 முறை வென்றார். அமெரிக்க நட்சத்திர வீராங்கனை மியா ஹாம் அவரிடம் வளர்ந்தவர்தான். பயிற்சியில் நடக்கும் ஒவ்வொரு சின்னப் போட்டியையும் குறித்து வைப்பது அவருடைய பழக்கம்: ஒருவருக்கு ஒருவர் மோதல், ஓட்டம், கோல் உதை எல்லாவற்றிலும் யார் வென்றது, யார் தோற்றது என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார். ஒரு கொப்பியும் பேனையும் போதும் இதற்கு. பணக்கார நாட்டு முறைகளில் நாம் நாளைக்கே எடுத்துக்கொள்ளக் கூடிய ஒன்று இது.

சட்டம் எதிர்ப்பக்கம் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. 1920 டிசம்பரில் டிக் கேர் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க லிவர்பூலில் 53,000 பேர் கூடினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் கீழுள்ள மைதானங்களில் பெண்கள் விளையாடத் தடை போட்டது. தடை விலக ஏறக்குறைய 50 ஆண்டு. மைதானம் இல்லாத இடத்தில் பயிற்றுநர் எங்கிருந்து முளைப்பார்?

இனி நம்மூர். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: யாழ்ப்பாணத்தில் 'கல்லூரி' என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம். ஆறாம் ஆண்டுப் பிள்ளையும் கல்லூரி மாணவிதான். அப்படி ஒரு கல்லூரி தெல்லிப்பழை மகாஜனா. பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் தொடங்கியது. ஆண்களின் உதைபந்தாட்டத்தில் ஏற்கெனவே பெயர் எடுத்த அந்தக் கலவன் பாடசாலையின் பெண்கள் அணி, போன தசாப்தத்தில் தேசிய மட்டத்தில் சம்பியனாகத் தொடங்கியது. 1990இல் போரால் வலிகாமம் வடக்கே காலியானபோது இடம்பெயர்ந்த பாடசாலை அது. அந்த ஊர்ப் பிள்ளைகள் தெற்கில் போய்க் கிண்ணம் தூக்கி வந்ததைப் பத்திரிகைகள் முன்பக்கத்தில் போட்டன. பண்டத்தரிப்பு மகளிர் போன்ற பாடசாலைகளும் பந்தை எடுத்தன. படம் பிடிக்கும்போது நடுவில் கிண்ணம் இருக்கும், ஓரத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். அமெரிக்காவின் ஏழெட்டுப் பேருக்குப் பதிலாக நம்மிடம் இருப்பது அந்த இரண்டு மூன்று பேர்தான்.

யார் அவர்கள்? ஒருவர் பயிற்றுநர், உடற்கல்வி ஆசிரியராகவோ, பழைய வீரராகவோ இருப்பார். இன்னொருவர் பொறுப்பாசிரியை; கணிதமோ சமயமோ படிப்பிப்பவர், விளையாட்டுப் பொறுப்பு மேலதிகமாக வந்து ஒட்டிக்கொண்டது. மூன்றாமவர் பழைய மாணவர் சங்கத்துக்காரர். சப்பாத்துக்கும் வாகனத்துக்கும் காசு தேடுபவர். சீருடை தோய்ப்பதும் பந்துக்குக் காற்றடிப்பதும் யாருடைய வேலை என்று எழுதப்படவில்லை. அன்றைக்கு யார் கையில் பம் இருக்கிறதோ அவருடைய வேலை.

இவர்களுடைய முதல் வேலை எந்தப் பயிற்றுநர் கையேட்டிலும் இல்லாதது. அது மைதானத்தில் நடப்பதும் இல்லை, படலையடியில் நடக்கிறது.

"அம்மா, பிள்ளை நல்லா ஓடுறாள். பின்னேரத்தில ஒரு ஒன்றரை மணித்தியாலம் விடுங்கோ."

"ஓ.எல். எடுக்கிற பிள்ளை, ரீச்சர். ரியூசன் கிடக்கு. வெயில்ல கறுத்தும் போனாள்."

"ரியூசனுக்கு முதல் விட்டிடுவன். நானே கொண்டுவந்து விடுறன்."

இந்த "நானே கொண்டுவந்து விடுறன்" என்ற சொல்லில்தான் யாழ்ப்பாணத்துப் பெண்கள் அணிகள் நிற்கின்றன என்பது என் கணிப்பு. உத்திகளை யாரும் இணையத்தில் படிக்கலாம். தாய்க்குச் சொன்ன நேரத்தைத் தவறவிட்ட பயிற்றுநருக்கு மறுநாள் அணியில் பதினொரு பேர் இருக்க மாட்டார்கள். அதனால்தான் பொறுப்பாசிரியையை வாங்கின் ஓரத்தில் வைத்துப் பார்ப்பது பிழை என்பேன். அவரே அதன் அச்சாணி.

பெண் ஒருவர் அங்கே இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாதவிடாய். லண்டன் செல்சி அணிக்கு எம்மா ஹேய்ஸ் பயிற்றுநராக இருந்தபோது, வீராங்கனைகளின் மாதச் சுழற்சியைக் குறித்துவைத்து அதற்கேற்பப் பயிற்சியை மாற்றுகிறோம் என்று 2020இல் வெளிப்படையாகச் சொன்னார்கள். பெரிய புதுமையாக உலகம் பேசியது. நம்மூர் ரீச்சர்மார் இதைக் காலங்காலமாகச் சத்தமில்லாமல் செய்து வருகிறார்கள்: "சேர், அவளுக்கு இண்டைக்கு ஏலாது, இருக்கட்டும்." காரணம் கேட்கப்படுவதில்லை. கேட்கப்படாமல் இருப்பது ஒரு வசதி, அதே நேரம் ஒரு குறை. குறித்து வைத்தால்தானே அடுத்த மாதம் திட்டமிடலாம்.

அடுத்தது முழங்கால். இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காகப் பிணைக்கும் ஒரு நார் இருக்கிறது. விளையாடுபவர்கள் 'ஏசிஎல்' என்றும் வெறுமனே 'ஜவ்வு' என்றும் சொல்வார்கள். பெண் உதைபந்தாட்டக்காரர்களுக்கு அது கிழியும் ஆபத்து ஆண்களைவிட 2 முதல் 3 மடங்கு. பெரும்பாலும் எதிராளி இடித்துக் கிழிவதில்லை. ஓடி வந்து சடுதியாகத் திரும்பும்போதோ, தலையால் அடிக்க எழும்பிக் கீழே விழும்போதோ முழங்கால் உட்பக்கம் மடிகிறது. அந்த ஒரு கணம் போதும். வலிகாமத்துச் செம்மண் காய்ந்து கல்லாகிக் கிடக்கும் மாதங்களில் அந்த இறக்கம் இன்னும் கடினம். கிழிந்தால் சத்திரசிகிச்சை, பிறகு மாதக்கணக்கான பயிற்சி, ஏறக்குறைய ஒரு விளையாட்டு ஆண்டு போய்விடும். பாடசாலைப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது அவளுடைய முழு உதைபந்தாட்ட வாழ்வாகவும் இருக்கலாம்.

இதற்கு மருந்து இருபது நிமிடம். '11 பிளஸ்' என்று பெயர்; பீபாவின் மருத்துவக் குழு உருவாக்கியது. பதினைந்து அசைவுகள். முதல் 8 நிமிடம் மெல்லோட்டம், இடுப்பைத் திறந்து மூடும் நடைகள். நடுவில் 10 நிமிடம்தான் உயிர்நிலை: முழங்கையூன்றிப் பலகைபோல உடலைத் தாங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, குந்தி எழும்புவது, துள்ளி இறங்குவது. கடைசி 2 நிமிடம் வேக ஓட்டமும் வெட்டித் திரும்புவதும். உபகரணம் என்று ஒரு பந்து போதும். நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளிடம் சோதித்து 2008இல் வெளியிட்ட முடிவில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், கடுமையானவை அரைவாசிக்குக் கிட்டவும் குறைந்திருந்தன.

ஆனால் அசைவுகளைச் செய்தால் போதாது, யாராவது பார்க்க வேண்டும். நான் ஒரு பின்னேரம் பார்த்த பயிற்சியில் பிள்ளைகள் வரிசையாகத் துள்ளினார்கள். பயிற்றுநர் மண்ணில் குந்தி, முகத்தைப் பார்க்காமல் முழங்கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்கேக்க முழங்கால் பெருவிரலுக்கு நேர வரவேணும். உள்ளுக்கு விடாத. திரும்பத் துள்ளு." ஒரு சிறுமி ஆறு முறை துள்ளினாள். ஏழாவது முறை சத்தமே இல்லாமல் இறங்கினாள். "அதுதான்" என்றார். சத்தம் குறைவாக இறங்குவது என்றால் தசைகள் அதிர்வை வாங்கிக்கொள்கின்றன என்று அர்த்தம். காதால் அளக்கக் கூடிய விஞ்ஞானம் இது. பாடசாலை முடிந்து ரியூசன் தொடங்குவதற்குள் கிடைக்கும் நேரத்தில் இருபது நிமிடத்தை இதற்குக் கொடுக்கப் பயிற்றுநருக்கு மனம் வர வேண்டும். பிள்ளைகளுக்கோ உடனே பந்து வேண்டும்.

நம் வாங்கில் இல்லாதவர்களிலேயே பெரிய ஆள் கோல்காப்பாளர் பயிற்றுநர். கோல் கம்பங்களுக்கிடையே 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர், உலகக் கிண்ணத்தில் ஆடுபவருக்கும் நம் பதினேழு வயதுப் பிள்ளைக்கும் ஒரே அளவு. தண்ட உதை 11 மீற்றரில் இருந்து வருகிறது. மற்றப் பத்துப் பேரும் காலால் விளையாடுவதைக் கற்கிறார்கள், இவள் ஒருத்தி கையால், அதுவும் விழுந்து. விழுவதற்கு ஒரு முறை இருக்கிறது: கீழ்க்கால், தொடை, இடுப்பு, தோள் என்று பக்கவாட்டில் வரிசையாகத் தரையைத் தொட வேண்டும், முழங்கை ஒருபோதும் முதலில் ஊன்றக் கூடாது. யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டால் பிள்ளை முழங்கையில்தான் விழுவாள், இரண்டாம் நாள் பாய மாட்டாள், மூன்றாம் நாள் "அவளுக்குப் பயம்" என்று ஒரு பெயரும் வந்துவிடும். பயிற்சி முழுவதும் அவள் வேலை, மற்றவர்கள் கோலுக்கு உதைத்துப் பழக நின்று கொடுப்பது. பாடசாலைப் போட்டிகள் சமநிலையில் முடிந்து தண்ட உதைக்குப் போகும்போது மட்டும் ஊரே அவளைப் பார்க்கும்.

பயிற்றுநர்கள் படிப்பதற்கு ஏணி இருக்கிறது. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் சான்றிதழ்கள் டி, சி, பி, ஏ என்று ஏறி 'புரோ' வரை போகும். ஏறுவதற்குக் காசும் விடுமுறையும் வேண்டும். வகுப்புகளில் பல தெற்கில். அதோடு தலைமைப்பீடத்துச் சண்டைகள் அடிவரை இறங்கும்: 2023 ஜனவரியில் பீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. பெண் பயிற்றுநர் குறைவு என்பது உலகப் பிரச்சினையும்கூட. 2023 பெண்கள் உலகக் கிண்ணத்துக்கு வந்த 32 அணிகளில் 12க்குத்தான் பெண் தலைமைப் பயிற்றுநர்.

இன்றைய வீராங்கனை நாளைய பயிற்றுநராவதற்கு நடுவில் ஒரு பாலம் தேவை. இலங்கையில் பெண்களின் பலமான அணிகள் பெரும்பாலும் இராணுவம், கடற்படை, விமானப்படையினுடையவை. வடக்குப் பிள்ளைக்கு அந்தக் கதவு எவ்வளவு கனமானது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். முடிந்ததும் சப்பாத்து பரணுக்குப் போய்விடுகிறது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் மதுரையில் இருந்து எழுந்த சேது எப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. தமிழ்நாட்டு அணி அதற்கு முந்தைய ஆண்டு மணிப்பூரை வீழ்த்தித் தேசியச் சம்பியனானது. பள்ளி முடித்த பெண்ணுக்கு அங்கே போக ஒரு கழகம் இருந்தது, சிலருக்குக் காவல்துறையில் வேலையும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் துரையப்பா விளையாட்டரங்கை இந்திய உதவியோடு புதுப்பித்து 2016 ஜூனில் திறந்தார்கள். அரியாலையில் உதைபந்தாட்டப் பயிற்சி நிலையம் இருக்கிறது. மைதானம் உண்டு. அங்கே விளையாடப் பெண்கள் கழகங்கள்தான் வர வேண்டும்.

அதுவரைக்கும் பழைய மாணவர் சங்கத்தாரிடம், முக்கியமாக ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்களிடம், ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பெண்கள் அணிக்குச் சீருடை அனுப்பும்போது உங்கள் பெயர் அச்சடித்த முதுகுப்புறத்தோடு சேர்த்து, அளவான கோல்காப்பாளர் கையுறை இரண்டு சோடியும் ஒரு ஐஸ் பெட்டியும் வையுங்கள். மிச்சக் காசில், முன்னாள் கோல்காப்பாளர் பிள்ளை ஒருத்தியைக் கிழமையில் இரண்டு பின்னேரம் மைதானத்துக்கு வரச் சொல்லி, பஸ் காசையும் ஒரு சின்னச் சம்பளத்தையும் கொடுங்கள். எப்படி விழுவது என்று அவளுக்குத் தெரியும்.