தலைக்கவசமும் கழுத்தெலும்பும்

2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரில், 19 வயதுக்குட்பட்டோருக்கான அமெரிக்கக் கால்பந்து உலகப் போட்டி முதன்முறையாக நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 41-3 எனக் கனடாவை வென்றது. பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவனை மோதி வீழ்த்துவதே இதில் பெரும்பகுதி.

80 கிலோகிராம் நிறையுள்ள இளைஞன் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வருகிறான் என்று கொள்வோம். அவனது உந்தம் 480 அலகு. அது 0.1 வினாடியில் அழிந்தால் சராசரி விசை 4,800 நியூட்டன். அவன் எடையைப் போல் ஆறு மடங்கு! கவசத்தின் உட்பஞ்சு மோதல் நேரத்தைச் சற்று நீட்டி மண்டையோட்டைக் காக்கிறது.

ஆனால் தலைக்குப் பின்னால் உடல் வருகிறதே! நிமிர்ந்த கழுத்தின் எலும்புத் தொடர் வில்போல் வளைந்திருக்கும். அதிர்ச்சிக்கு வளைந்து கொடுக்கும். தலையைச் சுமார் 30 பாகை குனிந்தால் அவ்வளைவு மறைந்து, எலும்புகள் நேர்த்தூணாக அடுக்கி நிற்கும். உச்சந்தலை மோதி நின்றுவிடுகிறது. உடலோ நிலைமத்தால் முன்னேறுகிறது. நின்றுவிட்ட எஞ்சினைப் பின்பெட்டிகள் நெருக்குவதைப் போல, இடையில் கழுத்து நசுங்குகிறது. தண்டுவடம் சிதைந்தால் கைகால்கள் செயலிழக்கும்.

விந்தை என்னவென்றால், நல்ல கவசம் கிடைத்த பிறகே ஆட்டக்காரர்கள் தலையை ஆயுதமாக்கத் துணிந்தனர். 1976-இல் அமெரிக்கப் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் தலையால் முட்டித் தாக்குவது தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டில் கழுத்து முறிந்து கைகால் முடங்கியோர் 34 பேர். 1984-இல் 5 பேர். இன்று பயிற்சியாளர்கள் சிறுவர்களுக்கு முதலில் கற்பிப்பது: தலையை நிமிர்த்து, எதிராளியைப் பார், தோளால் மோது.