ஈ.சி.ஆரில் ஏறும் முன்... உங்கள் கார் பிரேக் பெடலைக் கொஞ்சம் கவனியுங்கள்!

வார இறுதி வந்தால் புதுச்சேரி நேரு வீதியிலும் மிஷன் வீதியிலும் கார்கள் ஊர்ந்துதான் போகும். பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியை நிறுத்த அரைகுறை பிரேக்கே போதும் என்பதால், கோளாறு வெளியே தெரியாது. அதே கார் மாலையில் ஈ.சி.ஆரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போது, நொடிக்கு 22 மீட்டர் கடந்துவிடும். அங்கே பெடல் ஏமாற்றினால் யோசிக்கவே நேரம் இருக்காது.

ஆனால், பிரேக் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் கைவிடுவதில்லை. காலுக்கு முன்பே அறிகுறி காட்டும்.

பஞ்சு மாதிரி அமுங்குகிறதா?

பிரேக் ஆயில் போகும் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால் நீங்கள் மிதிக்கும் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேராது. இரண்டு, மூன்று முறை மிதித்த பிறகே பிரேக் பிடித்தால், பின்சக்கர பிரேக் ஷூவின் தேய்மானத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மெல்ல இறங்குகிறதா?

சமதளத்தில் நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பெடல் தானாகக் கீழே போனால், ஆயில் கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் போய்விட்டது என்று பொருள். இந்த நிலையில் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.

கல் மாதிரி இறுகிவிட்டதா?

இன்ஜினை அணைத்துவிட்டு நான்கைந்து முறை மிதியுங்கள். பெடல் இறுகியதும், காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவே இல்லை என்றால் பூஸ்டரையோ அதன் வேக்குவம் குழாயையோ சோதிக்க வேண்டும்.

காலில் அதிர்கிறதா?

சாதாரணமாக மிதிக்கும்போதும் அதிர்ந்தால், டிஸ்க் சீராகத் தேயாமல் இருக்கலாம். அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போது மட்டும் படபடத்தால் பயம் வேண்டாம், அது ஏ.பி.எஸ். வேலை செய்வது. காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருங்கள்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு...

ராத்திரி வெளியே நிற்கும் காரின் டிஸ்க்கில் உப்புக் காற்றால் லேசாகத் துரு படியும். காலையில் முதல் சில பிரேக்குகளில் கரகரவென்று சத்தம் வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. தொடர்ந்தால் பிரேக் பேடைப் பாருங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும்; ஈரம் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஏற்காடு போன்ற மலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், சூட்டில் ஆயில் கொதித்து, பெடல் சட்டென்று உள்ளே போய்விடும். கீழ் கியரில் இறங்குங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள். திறந்து வைத்த பழைய பாட்டில் வேண்டவே வேண்டாம்.

ஓடும்போதே கைவிட்டால்?

இன்ஜினை அணைக்காதீர்கள். பெடலை வேகமாக விட்டு விட்டு மிதியுங்கள். ஒவ்வொரு கியராகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து ஓரம் கட்டுங்கள்.

அடுத்தமுறை மெக்கானிக்கிடம் ‘பிரேக் சரியில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அமுங்கியதா, இறங்கியதா, இறுகியதா, அதிர்ந்ததா என்று சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்!