பிரிந்த பிறகு வளர்ந்த இசைக்குழு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அர்பானா, ஷாம்பெயின் என்று இரண்டு ஊர்கள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சோளக்காடு, நடுவில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். 1997-ல் அங்கே மாணவர்களாக இருந்த மூன்று பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு தொடங்கினார்கள். மைக் கின்செல்லா பாடுவார், கிட்டார் வாசிப்பார். ஸ்டீவ் ஹோம்ஸ் இன்னொரு கிட்டார். ஸ்டீவ் லாமோஸ் டிரம்ஸோடு ட்ரம்பெட்டும் வாசிப்பார். 1998-ல் ஒரு சிறிய இசைத்தட்டு, 1999 செப்டம்பரில் ஒரு முழு ஆல்பம். அதோடு சரி. படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். குழுவின் பெயர் 'அமெரிக்கன் ஃபுட்பால்'. ஆல்பத்துக்கும் அதே பெயர்தான்.

ஒன்பது பாடல்கள், சுமார் நாற்பது நிமிடம். வெளிவந்தபோது கல்லூரி வானொலிகளில் கொஞ்சம் ஒலித்தது, அவ்வளவுதான். இன்று எமோ என்ற இசைவகையைப் பற்றிப் பேசுகிற யாரும் அந்த ஆல்பத்தைத் தாண்டிப் போக முடியாது. இடையில் பதினான்கு வருடம் அந்தக் குழு மேடையில் இல்லை, பேட்டி இல்லை, விளம்பரம் இல்லை. அந்தப் பதினான்கு வருடத்தில்தான் அது வளர்ந்தது.

எமோவின் தொடக்கம் 1980களின் நடுவில் வாஷிங்டன் நகரத்துப் பங்க் இளைஞர்களிடம் இருக்கிறது. அதுவரை அரசாங்கத்தையும் சமூகத்தையும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த பங்க் இசையை, 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்' போன்ற குழுக்கள் தங்கள் சொந்த மனக்காயத்தின் பக்கம் திருப்பின. அடுத்த பத்து வருடத்தில் அது சிகாகோவின் புறநகர்களுக்கும் வந்து சேர்ந்தது. அங்கே டிம், மைக் என்ற கின்செல்லா சகோதரர்கள் பள்ளிப் பருவத்திலேயே 'கேப்'ன் ஜாஸ்' குழுவில் இருந்தார்கள். அண்ணன் பாடகர், தம்பி டிரம்ஸ். தலைகால் புரியாத வேகமும் கூச்சலும் நிறைந்த குழு அது. 1995-ல் உடைந்தது. அந்தக் கூச்சலுக்குள் வளர்ந்த தம்பிதான், டிரம்ஸை விட்டுக் கிட்டாரை எடுத்தபோது இவ்வளவு மெதுவான, அடங்கிய இசையைச் செய்தார் என்பதை இன்றைக்கும் என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

வியப்பின் பாதி அந்தக் கிட்டாரின் சுருதியில் இருக்கிறது. வழக்கமாகக் கிட்டாரின் ஆறு தந்திகளும் தடித்ததிலிருந்து மெலிந்தது வரை ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ என்று சேர்க்கப்படும். ஆல்பத்தின் முதல் பாடலான 'நெவர் மென்ட்'டில் அது எஃப், ஏ, சீ, ஜீ, சீ, ஈ என்று மாறுகிறது. மூன்று தந்திகளில்தான் மாற்றம். ஆனால் இப்போது விரலே வைக்காமல் ஆறு தந்திகளையும் மீட்டினால், முழுமையான ஒரு ஸ்வரக்கூட்டு ஒலிக்கிறது. மகிழ்ச்சி என்றும் சொல்ல முடியாது, சோகம் என்றும் சொல்ல முடியாது. எங்கும் போய் முடியாமல் நிற்கிற ஒலி. ஒரு காதல் முறிகிற நேரத்தில் இருபது வயதுக்காரனின் மனசு எப்படி இருக்குமோ, பாட்டு ஆரம்பிக்கும் முன்பே தந்திகள் அதைச் சொல்லிவிடுகின்றன.

இந்தச் சுருதியில் கின்செல்லாவும் ஹோம்ஸும் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டுகளை வாசிக்கிறார்கள். ஒருவர் முன்னணி, மற்றவர் பக்கவாத்தியம் என்ற ஏற்பாடே கிடையாது. பின்னல் கோலாட்டத்தில் ஒவ்வொருவரும் தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் வழியில் போக, மேலே பின்னல் தானாக விழுமே, அந்த மாதிரி. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக், சின்னச் சின்ன வடிவங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து மெல்ல மாற்றிக்கொண்டே போவார். அவரை இவர்கள் விரும்பிக் கேட்டவர்கள். தாளமும் பல இடங்களில் நாலுக்குள் அடங்காது. லாமோஸின் டிரம்ஸில் ஜாஸ் வாசனை இருக்கும். நடுவில் அவருடைய ட்ரம்பெட் வந்து நிற்கும்போது, பேச வாயெடுத்தவன் பேசாமல் விட்டதைக் கேட்பது போல் இருக்கும்.

பாட்டு வரிகள் மிகக் குறைவு. கின்செல்லா நாலு வாக்கியம் பாடுவார், பிறகு இரண்டு நிமிடம் கிட்டார்கள்தான். ஒன்பதில் இரண்டு பாடல்களில் குரலே இல்லை. யார் மேல் தப்பு என்ற வழக்கும் இல்லை. கோடை விடுமுறை முடிகிறது, இருவரும் வேறு ஊருக்குப் போகிறார்கள், இனி இது நடக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவ்வளவுதான் விஷயம். அந்த வயசில் அதுவே உலகம் முடிகிற மாதிரிதான் என்பதை இந்த ஆல்பம் எங்கேயும் கேலி செய்வதில்லை, ஊதிப் பெரிதாக்குவதும் இல்லை. அதன் நேர்மையே இதுதான் என்பேன்.

2000களில் எமோ பெரிய வியாபாரமானது. 'ஜிம்மி ஈட் வேர்ல்ட்', 'ஃபால் அவுட் பாய்', 'மை கெமிக்கல் ரொமான்ஸ்' என்று அரங்குகள் நிரம்பின. கறுப்புச் சட்டை, கண் மை, நெற்றியில் விழும் முடி என்று அது ஓர் உடையாகவும் மாறியது. அதே காலத்தில் இன்னொரு பக்கம், கையில் ஒரு கிட்டாரும் கணினியும் மட்டும் வைத்திருந்த பிள்ளைகள் இந்தப் பழைய ஆல்பத்தை ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுருதியைக் கண்டுபிடித்துத் தங்கள் அறையில் வாசித்துப் பழகினார்கள். அந்தப் பத்தாண்டின் முடிவில் அமெரிக்கா முழுக்கப் புதிய எமோ குழுக்கள் கிளம்பியபோது, பலருடைய கிட்டாரில் அர்பானாவின் விரல்கள் தெரிந்தன. இல்லினாய் இருக்கும் பகுதியின் பெயரால் 'மிட்வெஸ்ட் எமோ' என்று இன்று ஒரு தனி வகையையே சொல்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் பெரும்பாலோருக்கு முதலில் காதில் விழுவது 'நெவர் மென்ட்'டின் தொடக்கம்தான்.

கண்ணில் விழுவது அந்த வீடு. ஆல்பத்தின் அட்டையில் கிறிஸ் ஸ்ட்ராங் எடுத்த புகைப்படம்: அர்பானாவில் ஒரு சாதாரண வெள்ளை வீடு, இரவு, மாடி ஜன்னலில் மட்டும் வெளிச்சம். ரசிகர்கள் எங்கெங்கிருந்தோ வந்து அதன் முன் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். 2023-ல் குழுவும், அவர்களுடைய ஆல்பத்தை வெளியிட்ட பாலிவினைல் நிறுவனமும், ஸ்ட்ராங் உள்ளிட்ட சிலரும் சேர்ந்து அந்த வீட்டை விலைக்கு வாங்கினார்கள்.

2014-ல் பாலிவினைல் பழைய ஆல்பத்தை மறுபடி வெளியிட்டது. அதே வருடம் குழுவும் மேடைக்குத் திரும்பியது. இல்லினாயில் ஓர் இசைவிழா, பிறகு நியூயார்க்கின் வெப்ஸ்டர் ஹாலில் தொடர்ந்து மூன்று நிகழ்ச்சிகள். மாணவர்களாக இருந்தபோது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்கு முன் வாசித்தவர்கள் அவர்கள். லாமோஸ் அதற்குள் கல்லூரிப் பேராசிரியர். கின்செல்லா 'ஓவன்' என்ற பெயரில் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். அவருடைய உறவினர் நேட் கின்செல்லா பேஸ் கிட்டாருக்கு வந்து சேர்ந்தார்.

2016-ல் வந்த இரண்டாவது ஆல்பம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ரசிகர்களின் எதிர்பார்ப்பு அதன் தோளில் உட்கார்ந்திருந்தது. 2019-ன் மூன்றாவது ஆல்பம் வேறு விஷயம். 'பாரமோர்' குழுவின் ஹேலி வில்லியம்ஸ், 'ஸ்லோடைவ்' குழுவின் ரேச்சல் கோஸ்வெல் ஆகியோர் விருந்தினராகப் பாடினார்கள். பிள்ளை பெற்று, குடும்பம் நடத்தி, தப்புகள் செய்து களைத்த நடுவயதுக்காரர்களின் குரல் அதில் ஒளிவுமறைவின்றி இருக்கிறது. இருபது வயதை மறுபடி நடித்துக் காட்டாமல் நாற்பதைப் பாடியது பெரிய காரியம். 2024-ல் முதல் ஆல்பத்தின் 25 ஆண்டு நிறைவுக்கு ஈதல் கேன், அயர்ன் அண்ட் வைன் போன்றவர்கள் அதன் பாடல்களைத் தங்கள் பாணியில் பாடித் தந்தார்கள். ஈதல் கேன் பிறந்ததே அந்த ஆல்பம் வெளிவருவதற்கு ஒன்றரை வருடம் முன்புதான்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 'நெவர் மென்ட்'டுக்கு அப்புறம் வரும் 'தி சம்மர் எண்ட்ஸ்' பாடலிலிருந்து தொடங்குங்கள். ட்ரம்பெட்டில் ஆரம்பிக்கும். வரி புரிகிறதா என்று கவலைப்படாதீர்கள். இரண்டு கிட்டார்களில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள், அடுத்த முறை இன்னொன்றை.