சுவரில் தோன்றும் கறை



விழிஞ்ஞத்தில் ஜூன் மாதம் தொடங்கும் பருவமழை ஓய்ந்ததும் ஐப்பசி மழை வந்துவிடுகிறது. இடையில் வெயில் அடித்தாலும் கடற்காற்றின் ஈரம் வீட்டைவிட்டு நீங்குவதில்லை. பிழைப்புக்காக வந்து, காற்றோட்டம் குறைந்த வாடகை அறைகளில் குடியிருப்போர், பீரோவின் பின்புறத்திலும் கட்டிலருகே உள்ள சுவரிலும் கறுத்த புள்ளிகள் படர்வதைக் காண்கிறார்கள். மழைக்காலம் என்றால் அப்படித்தான் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். யாரோ செய்வினை வைத்தார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். இரண்டும் தவறு. அது பூஞ்சணம், அதை வளர்ப்பது ஈரம்.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

இதைக் குறித்து அதிகமாய் ஆராய்ந்த அரசுகளில் அமெரிக்க அரசும் ஒன்று. 1990-களில் அங்கே கிளீவ்லாந்து நகரில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தக்கசிவு உண்டாயிற்று. கறுப்புப் பூஞ்சணமே காரணம் என்ற பயம் பரவியது. அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமோ 2000-ஆம் ஆண்டில் தன் ஆய்வையே மறுபடியும் சோதித்து, அது நிரூபிக்கப்படவில்லை என்று வெளிப்படையாய் அறிவித்தது.

அந்த மையத்தின் வேண்டுகோளின்படி 2004-இல் நிபுணர் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளுக்கும் இருமல், இளைப்பு, மூக்கு தொண்டை உபாதைகள், ஆஸ்துமா அதிகரித்தல் ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு என்று அது கண்டது. களைப்பு போன்ற வேறு பல குறைகளுக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-இல், இவ்வளவு பூஞ்சணம் இருந்தால் பாதகமில்லை என்று அளவு எதையும் குறிக்காமல், ஈரத்தையே தடுக்கும்படி அறிவுறுத்தியது.

வேதத்திலும் லேவியராகமம் 14-ஆம் அதிகாரம் சுவரில் கறை கண்ட வீட்டைப் பற்றிப் பேசுகிறது. ஆசாரியன் வந்து பார்க்கிறான். ஏழு நாள் கழித்துத் திரும்பவும் பார்க்கிறான். கறை படர்ந்திருந்தால் கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, பட்டணத்துக்கு வெளியே கொட்டச் செய்கிறான். கறையின்மேல் பூசி மறைக்க அங்கே இடமில்லை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். கசியும் குழாயானாலும் ஒழுகும் தளமானாலும் சரி. நனைந்த பொருட்களை ஓரிரு நாளுக்குள் உலர்த்துங்கள். பீரோவைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்புத்தூள் கரைத்த நீரால் கறையைத் தேய்த்துக் கழுவி, நன்றாய் உலரவிடுங்கள். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு உண்டாகும். ஈரம் தீராமல் பெயின்ட் அடிப்பது வீண்செலவு.

வீட்டு உரிமையாளராய் இருக்கும் சகோதரரே, உமக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் பூஞ்சணம் படர்ந்த வாடகை வீட்டில் வளர்ந்த இரண்டு வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் மரித்தான். அந்தப் பூஞ்சணமே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை தீர்த்தது. அவன் தகப்பன் முன்பே முறையிட்டிருந்தும் வீடு சீராக்கப்படவில்லை. இன்று அவன் பெயரால் அங்கே ஒரு சட்டம் உண்டு. சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமோ?

பிள்ளைக்கு இருமலும் இளைப்பும் நீடித்தால் ஜெபியுங்கள், மருத்துவரிடமும் கொண்டுசெல்லுங்கள். சுவரின் கறையையும் மறவாமல் அவரிடம் சொல்லுங்கள்.